அம்மாவின் சர்க்கரை 6.2: பாராட்டலாமா?

டாக்டர் பதில்கள்

சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, எடை இவற்றுக்கும் வயதான காலத்து மறதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டுக் கொஞ்ச நாளாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெயர்களை எடுத்துவிட்டு, சுருக்கித் தருகிறேன். ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கடிதத்திலும் நான் முதலில் தேடியது எழுதியவரின் வயதைத்தான். நாற்பத்தைந்து வயதுக்காரருக்குச் சொல்வதை எண்பது வயதுக்காரர் கடைப்பிடித்தால் ஆபத்தில் முடியலாம். ஆகவே பக்கத்துப் பதிலை வெட்டி எடுத்து அப்பாவுக்கு அனுப்பாதீர்கள்.

*கேள்வி: என் அம்மாவுக்கு வயது 76. சர்க்கரை நோய் வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. காலையும் இரவும் கிளிமிப்பிரைடு மாத்திரை, படுக்கும் முன் இன்சுலின். ஒரு வருடமாக மறதி. சாப்பிட்டதை மறக்கிறார், மாத்திரை போட்டோமா என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொள்கிறார். சில இரவுகளில் வேர்த்து விறுவிறுத்து எழுந்து, யார் நீ என்பது போல் என்னைப் பார்க்கிறார். ஆனால் சர்க்கரை மட்டும் பிரமாதமாக இருக்கிறது. மூன்று மாத சராசரி 6.2தான். சர்க்கரை இவ்வளவு நன்றாக இருந்தும் மறதி ஏன் வருகிறது?*

இந்த 6.2ஐக் கொண்டாடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த விஷயமே அதுதான்.

மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையைப் பரீட்சை மார்க் மாதிரி பார்க்கும் குடும்பங்கள் நிறைய. எண் குறையக் குறைய டாக்டர் பாராட்டுவார் என்ற எதிர்பார்ப்போடு ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். இளம் வயதில் அது சரி. கிளிமிப்பிரைடும் இன்சுலினும் எடுத்துக்கொள்ளும் 76 வயதுப் பெண்ணுக்கு 6.2 என்றால், பகலில் ஏறியும் இரவில் பாதாளத்துக்கு இறங்கியும் கிடைத்த சராசரியாக அது இருக்கலாம். சராசரியில் பள்ளம் தெரியாது. ரத்தசோகை போன்ற கோளாறுகளாலும் இந்த எண் தவறாகக் காட்டும்.

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது, அதுவும் பெரும்பாலும் குளுக்கோஸாக. சேமிப்பு என்று அதனிடம் ஒன்றும் கிடையாது. அன்றைய கூலியில் அன்றைக்கு அடுப்பெரிக்கும் வீடு அது. ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். 54க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கிவிடும். இளையவர்களுக்குக் கை நடுங்கும், படபடக்கும், பசிக்கும். வயதானவர்களிடம், அதிலும் நெடுநாள் சர்க்கரை நோயாளிகளிடம், இந்த எச்சரிக்கை மணி அடிக்காமலே போகலாம். குழப்பம், எரிச்சல், தூக்கக் கலக்கம், கீழே விழுதல் என்றுதான் வெளிப்படும். வீட்டில் எல்லோரும் அதை 'மறதி முற்றிவிட்டது' என்று எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கவும் செய்யும். மறதியால் மாத்திரை இரண்டு முறை உள்ளே போகிறது, சாப்பாடு தவறுகிறது, சர்க்கரை இறங்குகிறது. அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் அதிகமான வயதான சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைக்குப் போகும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிய அனுபவம் இருந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா என்ற மறதி நோய் வருவது அதிகமாக இருந்தது. ஒரு முறை இறங்கியவர்களைவிடப் பல முறை இறங்கியவர்களுக்கு இன்னும் அதிகம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றே உங்கள் டாக்டரைக் கூப்பிட்டு, இரவில் நடப்பதை அப்படியே சொல்லுங்கள். நீங்களாக இன்சுலினை நிறுத்தாதீர்கள். அதேபோல், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வேர்த்து எழும்போது விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். எதுவும் நடக்காத இரவுகளிலும் இரண்டு மூன்று மணி வாக்கில் ஓரிரு முறை பார்த்து, நேரத்தோடு குறித்து வையுங்கள். அந்த ஒரு பக்கக் குறிப்பு, மூன்று மாத சராசரியைவிட உங்கள் டாக்டருக்கு அதிகம் பேசும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது மந்தமானால் இந்த மருந்துகளின் வேகம் உடலில் நீடிக்கும். நினைவு குறைந்த முதியவர்களுக்கு எச்பிஏ1சி 8க்குக் கீழே இருந்தால் போதும் என்றுதான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் உட்படப் பலரும் வழிகாட்டுகிறார்கள். 6.2க்கும் 8க்கும் நடுவில் மருந்தைக் குறைக்க, மாற்ற நிறையவே இடம் இருக்கிறது.

சர்க்கரை இறங்கும்போது அம்மா நினைவோடு இருந்தால் 15 கிராம் அளவுக்குச் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக மருத்துவமனைதான். கிளிமிப்பிரைடு வகை மருந்தால் இறங்கிய சர்க்கரை, ஏறிய பிறகும் மறுபடி இறங்கும். 'சரியாகிவிட்டது' என்று உடனே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள்.

மாத்திரை டப்பாவும் இன்சுலின் பேனாவும் இனி உங்கள் கையில் இருக்கட்டும். அம்மா வருத்தப்படுவார். பல வருடம் தன்னைத் தானே பார்த்துக்கொண்டவர் இல்லையா? 'உனக்குத் தெரியாது' என்று பறிக்காமல், 'இரண்டு பேரும் சேர்ந்து போடலாம்மா' என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

அப்புறம், சர்க்கரைப் பள்ளங்கள் நின்ற பிறகு நினைவுப் பரிசோதனை செய்ய வேண்டும். கொஞ்சம் தெளிவு திரும்பலாம். எல்லாம் திரும்பும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். இருபது வருடச் சர்க்கரை மூளையின் சிறு ரத்தக்குழாய்களில் தன் வேலையைச் செய்திருக்கும். தைராய்டு, பி12, மன அழுத்தம், காது கேட்பது, தூக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதெல்லாம் அப்போது பார்க்க வேண்டியவை.

*கேள்வி: வயது 44. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, பிரஷர் 138/88, ட்ரைகிளிசரைடு 210, நல்ல கொழுப்பு 36, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். இப்போதெல்லாம் பெயர்கள் நாக்கு நுனியில் நிற்கின்றன, அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று விழிக்கிறேன். எனக்கு அல்சைமர் ஆரம்பமா?*

இல்லை தம்பி. 44 வயதில் பெயர் மறப்பதற்குத் தூக்கக்குறைவு, வேலை நெருக்கடி, ஒரே நேரத்தில் நாலு திரையைப் பார்ப்பது என்று சாதாரணக் காரணங்களே போதும். ஒரு கேள்வி மட்டும் கேட்டு வையுங்கள், அதுவும் உங்கள் மனைவியிடம்: நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா? ஆம் என்றால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரவில் மூச்சுத் தடைபடுபவர்களுக்குப் பகலில் கவனம் நிற்காது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

மறதிக்காக எழுதினீர்கள். நான் கவலைப்படுவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய எண்களைப் பற்றி. வளர்சிதை மாற்றக் கோளாறுக்கு ஐந்து அளவுகோல்கள் உண்டு. ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்கு மேல் (இது ஆசியர்களுக்கான கணக்கு), ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், நல்ல கொழுப்பு 40க்குக் கீழ், பிரஷர் 130/85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். மூன்று இருந்தாலே பெயர் வைத்துவிடுவோம். உங்களிடம் ஐந்தும் இருக்கின்றன.

இவற்றின் விலையை இப்போது கேட்கமாட்டார்கள், எழுபதில் கேட்பார்கள். பிரிட்டனில் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரை முப்பது வருடங்களுக்கு மேல் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. 70 வயதுக்காரர்களை எடுத்துக்கொண்டால், பத்து வருடத்துக்கு முன்பே சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு டிமென்ஷியா அபாயம், சர்க்கரை இல்லாதவர்களைப் போல இரண்டு மடங்கு. கடைசி ஐந்து வருடத்துக்குள் வந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதாவது சர்க்கரை நோய் வருமா என்பதோடு, எந்த வயதில் வருகிறது என்பதும் மூளைக்கு முக்கியம். உங்களுக்கு அது பத்து வருடம் தள்ளிப்போனாலே லாபம்.

தள்ளிப்போட முடியுமா என்றால், முடியும். சர்க்கரை எல்லையில் நின்றவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வில் (2002), எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது என்ற இலக்கோடு இருந்தவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம்தான். மாத்திரையை நடை ஜெயித்த அபூர்வமான இடம் இது. நான் இதை நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்ததே இல்லை.

பிரஷரை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை மீட்டர் வீட்டுக்கு வீடு இருக்கிறது, பிரஷர் மட்டும் யார் நினைவிலும் இருப்பதில்லை. 9,300க்கும் அதிகமானவர்கள் பங்கேற்ற ஸ்பிரிண்ட் ஆய்வில், மேல் அளவை 140க்குப் பதில் 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவுக்கு, டிமென்ஷியாவுக்கு முந்தைய கட்டமான லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது. அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 50 வயது தாண்டியவர்களிடம் நடந்தது அது. ஆகவே 120 என்ற இலக்கை நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். 138/88ஐ 'பார்டர்தான்' என்று ஒதுக்கவும் செய்யாதீர்கள். ஒரு மானிட்டர் வாங்கி, காலையும் மாலையும் ஒரு வாரம் பார்த்து, அந்த எண்களோடு டாக்டரிடம் போங்கள்.

*கேள்வி: அல்சைமர் என்பதே 'மூன்றாம் வகை சர்க்கரை நோய்'தான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அப்படியானால் சர்க்கரை மருந்தே அதற்கும் மருந்தா? எடை குறைக்கும் புதிய ஊசியை அப்பாவுக்குப் போடலாமா?*

இந்தப் பெயரை 2005இல் சுசான் டி லா மாண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு பயன்படுத்தியது. அல்சைமரால் இறந்தவர்களின் மூளையில் இன்சுலின் தரும் செய்தி சரியாக எடுபடவில்லை என்று அவர்கள் கண்டார்கள். கவனிக்க வேண்டிய கண்டுபிடிப்புதான். இன்சுலினைச் சிதைக்கும் அதே நொதி, அல்சைமரில் மூளையில் படியும் அமைலாய்ட் என்ற புரதத்தையும் சிதைக்கிறது என்பதால் இரண்டுக்கும் உயிர்வேதியியல் உறவு இருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. ஆனால் நோய்களின் அதிகாரபூர்வமான பட்டியலில் இப்படி ஒரு வகை கிடையாது. சர்க்கரை நோயாளிகள் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தால், அவர்களிடம் கூடுதலாகத் தெரிவது பெரும்பாலும் அமைலாய்ட் படிவு அல்ல, சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைப்புகளின் தழும்பு. என் அபிப்பிராயத்தில் வீடியோக்காரர்கள் தவறவிடுவது இதைத்தான்.

மருந்து விஷயம் இன்னும் தெளிவு. மூக்கு வழியாக இன்சுலின் செலுத்திப் பார்த்த பெரிய பரிசோதனை 2020இல் பலனில்லை என்று முடிந்தது. நீங்கள் சொல்லும் ஊசியில் உள்ள செமாகுளூடைடை மாத்திரையாக, ஆரம்பநிலை அல்சைமர் உள்ள சுமார் 3,800 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் வேகம் குறையவில்லை என்று 2025 நவம்பரில் அறிவித்துவிட்டார்கள். அப்பாவுக்குச் சர்க்கரையோ உடல் பருமனோ இருந்து அதற்காக டாக்டர் எழுதினால் அது வேறு. மறதிக்காக வேண்டாம்.

*கேள்வி: என் அப்பா ஒல்லி. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, தினமும் நடந்தவர், ஒரு கெட்ட பழக்கம் இல்லை. 71 வயதில் மறதி நோய் வந்து, இப்போது என்னையே தெரியவில்லை. உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு உறவினர்கள், 'சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை' என்கிறார்கள். இதற்கு என்ன பதில்?*

உங்கள் கோபம் நியாயமானது. உறவினர்களிடம் காட்ட வசதியாக, எண்ணாகவே தருகிறேன்.

லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணையம் 2024இல், மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14ஐப் பட்டியலிட்டது. பதினான்கையும் உலகம் முழுவதும் அடியோடு ஒழித்தாலும் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடிவது சுமார் 45 சதவீதம். மீதி, அதாவது பாதிக்கும் மேல், வயது, மரபணு, இன்னும் பிடிபடாதவை. அந்த 45இல் சர்க்கரை நோயின் பங்கு 2, உயர் ரத்த அழுத்தம் 2, உடல் பருமன் 1. கெட்ட கொழுப்பும் காது கேளாமையும் ஆளுக்கு 7. இளம் வயதில் படிப்புக் கிடைக்காதது 5, தனிமை 5. இவை மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு. ஒரு தனி ஆளுக்கு ஏன் வந்தது என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது.

உங்கள் அப்பா செய்ய வேண்டியதைச் செய்தார், நோய் வந்தது. இரண்டும் உண்மை. யாரும் எதையும் 'சரியாகப் பார்த்துக்கொள்ளாமல்' விடவில்லை. அப்படிச் சொல்லும் உறவினர்களை வாரத்தில் ஒரு மதியம் அப்பாவோடு உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் கொஞ்சம் தூங்கலாம்.

*கேள்வி: பத்து வருடத்துக்கு மேல் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். வயது 63. பாதம் மரத்துப்போகிறது, ஞாபகமும் முன்போல இல்லை. சர்க்கரையின் வேலை என்று விட்டுவிடலாமா?*

விடாதீர்கள். மெட்ஃபார்மின் நல்ல மருந்து, ஆனால் நெடுநாள் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம். பி12 குறைந்தால் வரும் மரப்பும் மறதியும் சர்க்கரையால் வருவது போலவே இருக்கும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுகட்டலாம். மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. நாளாக ஆக நரம்புக் கோளாறு முழுதாகச் சரியாகாது என்பதால் தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

*கேள்வி: மூளையே கொழுப்பால் ஆனது, கொழுப்பு மாத்திரை மூளையைக் கரைத்துவிடும் என்று என் கணவர் ஸ்டாட்டினை நிறுத்திவிட்டார். வயது 58, ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்.*

ஸ்டென்ட் வைத்தவரா? முதலில் மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க அவருடைய இதய டாக்டரிடம் அழைத்துப் போங்கள், வாக்குவாதம் அப்புறம். மூளை தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு மூளைக்குள் அநேகமாக நுழைவதே இல்லை. ஸ்டாட்டின் சாப்பிடும் சிலருக்கு, நிறுத்தினால் சரியாகிவிடும் லேசான மறதி இருந்ததாகப் புகார்கள் வந்ததால், 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லேபிளில் ஒரு வரி சேர்த்தது உண்மைதான். பெரிய பரிசோதனைகளில் ஸ்டாட்டினால் நினைவு கெட்டதாகத் தெரியவில்லை. கெட்ட கொழுப்பு எந்தப் பட்டியலில் முதலிடத்தில் நிற்கிறது என்று இதற்கு முந்தைய பதில் ஒன்றில் பார்த்தீர்கள் அல்லவா, அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

*கேள்வி: வயது 67. இனிமேல் உடற்பயிற்சி ஆரம்பித்து மூளைக்கு என்ன ஆகப்போகிறது?*

55 வயதுக்கு மேற்பட்ட 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் வரை நடக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதானது. தசையை நீட்டும் பயிற்சி மட்டும் செய்த மற்றப் பாதியினருக்கு அது சுருங்கியது (2011). பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை 1,260 பேரிடம் நடந்த ஃபிங்கர் ஆய்வில், உணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பிரஷர்-சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து இரண்டு வருடத்தில் நினைவு, சிந்தனை மதிப்பெண்களைக் கூடுதலாக உயர்த்தின. 67 தாராளமாகப் போதும். முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பியுங்கள்.

*கேள்வி: மாமியாருக்கு வயது 79. எப்போதும் பருமன். கடந்த ஒரு வருடத்தில் தானாகவே 6 கிலோ குறைந்து, சர்க்கரையும் மாத்திரை குறைக்கும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது.*

உங்களுக்கு உறுத்துவது சரிதான். நடுவயதில் பருமன் இருந்தால் பிற்காலத்தில் டிமென்ஷியா அபாயம் கூடுகிறது. ஆனால் முதுமையில், முயற்சி செய்யாமலே எடை குறைவது பல சமயம் அந்த நோயின் முன்னோடி. வெளியே மறதி தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே எடை இறங்கத் தொடங்குவதுண்டு. டிமென்ஷியாதான் என்று முடிவுகட்டவும் வேண்டாம். தைராய்டு, புற்றுநோய், மன அழுத்தம், பல் வலி, விழுங்கச் சிரமம் எதுவாகவும் இருக்கலாம். சமைத்ததைச் சாப்பிட மறக்கிறாரா, தட்டில் மிச்சம் வைக்கிறாரா என்று சத்தமில்லாமல் கவனியுங்கள். சர்க்கரை மாத்திரையின் அளவு இந்தப் புதிய எடைக்குப் பொருந்துகிறதா என்பதை இந்த வாரமே பார்த்துவிட வேண்டும். முதல் கேள்விக்குச் சொன்ன ஆபத்து இவருக்கும் உண்டு. டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் போங்கள். எடை எந்த மாதத்திலிருந்து இறங்கியது என்றுதான் அவர் முதலில் கேட்பார்.